அப்பா கார்பென்டரா என்று கேட்காதீர்கள்

நீளமான பதிவு. ரிட்டையர்டு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை என்று நினைப்பவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நடுவராக வரச் சொன்னார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பேன்.

மொத்தம் 38 படைப்புகள். அதில் பாதிக்கு மேல் மின்சாரம் சம்பந்தப்பட்டவை. தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம், மழை வந்தால் கூவும் கருவி, இருட்டினால் தானே எரியும் விளக்கு, ஆம்ப்ளிஃபயர். எல்லாம் தெர்மாகோல் அட்டையின் மேல், செல்லோடேப் போட்டு ஒட்டியவை. 2017-இல் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்க விட்டபோது ஊரே சிரித்தோம். நம் பள்ளிக்கூடங்கள் வருஷா வருஷம் அதையேதான் செய்கின்றன, அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

ஒரு மேஜையில் ஆம்ப்ளிஃபயர். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் 230 வோல்ட் வயர் இரண்டையும் வெறுமனே முறுக்கிவிட்டிருந்தார்கள். டேப் கூடச் சுற்றவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று, பளபளவென்று இருக்கிறதே என்று கை நீட்டுகிறார்கள். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“யார் தம்பி செஞ்சது?”

“கிட் சார். ஆன்லைன்ல அப்பா வாங்கினார். கடையில குடுத்து சால்டர் பண்ணினோம்.”

“நீ என்ன செஞ்ச?”

“தெர்மாகோல் ஒட்டினேன் சார்.”

பொய் சொல்லாத பிள்ளை. அதற்குத் தனியாக மதிப்பெண் போடலாம் என்று பார்த்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி மேஜையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை. அதே மாதிரி ஆம்ப்ளிஃபயர்தான், ஆனால் மரப்பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடிக் கடைக்குச் சரக்கு வரும் பேக்கிங் பலகையைக் கேட்டு வாங்கி, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணி அடித்திருக்கிறாள். ஒரு மூலை சரியாகச் சேரவில்லை. அந்த இடைவெளியில் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்திருந்தாள். பின்பலகையில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை ஓட்டைகள். கரண்ட் வயர் உள்ளே நுழையும் இடத்தில் உள்பக்கமாக ஒரு முடிச்சு.

“இந்த முடிச்சு எதுக்கும்மா?”

“யாராச்சும் வயரைப் பிடிச்சு இழுத்தா, உள்ள சால்டர் பிய்ஞ்சு வராது சார்.”

அன்று முழுக்க நான் கேட்டதில் உருப்படியான பதில் அது ஒன்றுதான்.

என்னுடன் வந்திருந்த நடுவர் ஒருவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். “அப்பா கார்பென்டரா பாப்பா?” என்றார். “இல்ல சார், லாரி ஓட்டுறார்.” “அப்ப யாரு செஞ்சு குடுத்தா?” “நான்தான் சார்.” அவர் நம்பவில்லை. தோற்றப் பொலிவு என்ற கட்டத்தில் பத்துக்கு நாலு. தங்கக் கலர் பேப்பர் சுற்றிய தெர்மாகோலுக்கு எட்டு. நாங்கள் மூன்று பேர். நான் சண்டை போட்டேன். இரண்டுக்கு ஒன்று, தோற்றேன். அந்தப் பிள்ளை ஆறுதல் பரிசு கூட இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

அதனால்தான் இந்தப் பதிவு. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மின்னணுக் கருவி செய்கிற பிள்ளை அதற்கான பெட்டியையும் தன் கையால் செய்ய வேண்டும். பெட்டி இல்லாத புராஜெக்ட் பாதி புராஜெக்ட். அந்த மறுபாதியை நாம் பள்ளியை விட்டுத் துரத்தினோம். அறிவியல் அதற்குக் காரணம் கிடையாது. மரவேலை இன்னாருக்கு உரியது என்று நம் மனசில் படிந்திருக்கும் அழுக்குதான் காரணம்.

பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் உயிர். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஈர மரம் கடத்தும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் கடத்தி, கடத்தாப் பொருள் என்று இரண்டு வரி மனப்பாடம் செய்கிறோம். பலகையை நிழலில் காயவைத்துப் பெட்டி செய்கிற பிள்ளைக்கு அது மனப்பாடம் வேண்டாம், கையிலேயே இருக்கும். இரும்புப் பெட்டி என்றால் எர்த் வயர் கொடுக்க வேண்டும், மரப்பெட்டி என்றால் வெளியே தெரியும் திருகாணி எதுவும் உள்ளே மின்சாரத்தைத் தொடக் கூடாது. இதெல்லாம் பெட்டி செய்யும்போதுதான் கேள்வியாக வரும்.

அடுத்தது சூடு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க 7805 என்ற மூன்று கால் ஐசி போடுகிறார்கள். அரை ஆம்பியர் ஓடினால், மிச்சமுள்ள 7 வோல்ட்டை அரையால் பெருக்குங்கள், 3.5 வாட். அவ்வளவும் வெறும் சூடாகப் போகிறது. மேஜை மேல் திறந்து கிடந்தால் தெரியாது. பெட்டிக்குள் வைத்தால் கால் மணி நேரத்தில் தெரியும். சூடான காற்று மேலே போகும், அதற்கு மேலே ஓட்டை வேண்டும். குளிர்ந்த காற்று உள்ளே வரக் கீழே ஓட்டை வேண்டும். அந்தப் பெண் இரண்டு வரிசை போட்டிருந்தது இதற்காகத்தான். மரம் எரியும் பொருள் என்பதால் சூடாகும் ஐசிக்கு அலுமினியத் தகடு மாட்டி, பலகையில் படாமல் தள்ளி வைக்க வேண்டும், ஃபியூஸும் போட வேண்டும். தெர்மாகோலோ வெந்நீர் கொதிக்கிற சூட்டிலேயே இளகிவிடும். தீப்பிடித்தால் கறுப்புப் புகை. அதன் மேல்தான் நாம் டிரான்ஸ்ஃபார்மரை உட்கார வைக்கிறோம்.

மூன்றாவது ஒலி. ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள், தகர டப்பா மாதிரி கத்தும். கூம்பு முன்பக்கம் தள்ளுகிற காற்றும் பின்பக்கம் இழுக்கிற காற்றும் ஓரத்தில் சுற்றிவந்து ஒன்றையொன்று அடக்கிவிடும், அடித்தொனி செத்துப்போகும். நடுவில் ஓட்டை போட்ட பலகையில் அதைப் பொருத்துங்கள், அதே ஸ்பீக்கர் கனமாகப் பேசும். பெட்டிக்குள் அடைத்தால் இன்னும் கனம். ஒரு காலத்தில் நம் பக்கத்து டீக்கடைகளில் மண்பானைக்குள் ஸ்பீக்கரைக் கட்டி வைத்து இளையராஜா கேட்டோமே, அந்தக் கடைக்காரருக்கு இந்தப் பாடம் தெரிந்திருந்தது.

நாலாவது கணக்கு. நம் தச்சர்களின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். அரை அங்குலப் பலகை என்றால் 4 நூல் கனம். வெளிநீளம் 9 அங்குலம் உள்ள பெட்டிக்கு நடுவில் நுழைகிற பலகை எவ்வளவு? முக்கால்வாசிப் பிள்ளைகள் 9 என்று அறுப்பார்கள், நுழையாது. எட்டரை என்று அறுப்பார்கள், அதுவும் நுழையாது. இரண்டு பக்கமும் கனத்தைக் கழித்தால் 8. ஒரு பலகை வீணானால் போதும், பின்னக் கழித்தல் ஆயுசுக்கும் மறக்காது. நான் 30 வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் போட்ட பின்னக் கணக்குகளில் எத்தனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

“சார், நாங்க கம்ப்யூட்டர் காலத்துல இருக்கோம், நீங்க மரப்பெட்டி பேசுறீங்க” என்று யாராவது எழுதுவீர்கள். கம்ப்யூட்டர் கதையே சொல்கிறேன். கையில் பிடித்து நகர்த்துகிறீர்களே மவுஸ், 1964-இல் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழு செய்த முதல் மாதிரி மரக்கட்டையைக் குடைந்து செய்தது. 1976-இல் ஸ்டீவ் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் விற்ற முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர் வெறும் சர்க்யூட் போர்டுதான். விலை 666 டாலர் 66 சென்ட். பெட்டி கிடையாது, கீபோர்டு கிடையாது. வாங்கியவர்களில் பலர் தாங்களே மரப்பெட்டி செய்து மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது மரப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் செய்தவனுக்கு ரம்பம் பிடிக்க வெட்கமில்லை. கம்ப்யூட்டர் வாங்கியவனுக்குத்தான் வெட்கம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு இருந்தார். பெரிய பள்ளிப்படிப்பு இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவர். சவர ரேசரிலிருந்து ரேடியோ வரை செய்து பார்த்தவர். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் சொன்னவர். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிற பள்ளியில் ஒரு ஸ்க்ரூ டிரைவராவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது நம் ஜில்லாவுக்கு வருகிறேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததென்று செய்தி வந்தது. எல்லாரும் வாட்ஸப்பில் அனுப்பினோம், நானும் அனுப்பினேன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்துச் சிற்பிகள் மரத்தில் செதுக்கும் சாமி சிலைகள் உலகமெல்லாம் போகின்றன என்று பெருமைப்பட்டோம். சரி, இந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடத்தில் ஓர் இழைப்புளி இருக்கிறது? ஒரு மூலைமட்டம்? இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் கீழே எழுதுங்கள், என் எண்ணம் தப்பென்றால் சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறேன். பெருமை மட்டும் நமக்கு, உளி மட்டும் அவர்களுக்கு. இதற்குப் பெயர் பெருமை இல்லை.

அடுத்த ஆட்சேபம்தான் பெரியது. “வாத்தியாரே, கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்கிறீர்களே, இது குலக்கல்வி இல்லையா?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். தச்சர் பிள்ளை தச்சுக்கு, சலவைத் தொழிலாளி பிள்ளை துறைக்கு. பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், ராஜாஜியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டத்தைத் தூக்கி எறிந்தார். அந்தப் போராட்டம் நூற்றுக்கு நூறு நியாயம். அது ஜெயித்ததால்தான் என்னைப் போன்றவர்கள் வாத்தியார் ஆனோம்.

ஆனால் அந்தத் திட்டத்தில் தப்பு எது? கையால் வேலை செய்வதா தப்பு? அப்பன் தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டும் என்றதும், அதற்காகப் படிக்கிற நேரத்தைப் பிடுங்கியதும் தப்பு. தச்சர் மகனும் வக்கீல் மகனும் கலெக்டர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளி நேரத்திலேயே, ஒரே ரம்பத்தை மாற்றி மாற்றிப் பிடித்தால் அது குலக்கல்வி ஆகாது, குலக்கல்விக்கு நேர் எதிரானது ஆகும். நாம் குலக்கல்வியை விரட்டினோம், நல்லது. கூடவே ரம்பத்தையும் விரட்டிவிட்டோம். ரம்பம் எங்கே போனது? திரும்பவும் அதே குடும்பங்களின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ராஜாஜி சட்டம் போட்டுச் செய்ய முடியாததை நாம் சட்டமில்லாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

யாரையோ சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என்னையே சொல்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது தக்ளியில் நூல் நூற்றோம், அட்டை வேலை செய்தோம், நோட்டு பைண்டிங் பழகினோம். வேலைக்கு வந்த பிறகு கைவேலை பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டவன் நான். நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கினேன். அது மட்டும் இல்லை. வகுப்பில் பெஞ்ச் உடைந்தால் ஒரு பையனைக் கூப்பிடுவேன். “டேய், நீ வாடா, உனக்குத்தான் தெரியும்” என்பேன். அவன் அப்பா தச்சு வேலை செய்பவர். மற்ற பிள்ளைகள் பின்ன வகுத்தல் படிக்க, அவன் வராந்தாவில் பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பான். அரையாண்டுத் தேர்வில் அந்தக் கணக்கை விட்டிருந்தான். அதற்கும் அவனைத் திட்டினேன். 1953 திட்டத்தை மேடையில் கண்டித்துப் பேசியவன், வகுப்பறையில் அதையே நடத்தியிருக்கிறேன். போன வாரம் அந்த நடுவர் “அப்பா கார்பென்டரா?” என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது.

இன்னும் சில ஆட்சேபங்கள், சுருக்கமாக.

“ரம்பம் ஆபத்து, பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்கள்.” அறுத்துக்கொண்டால் பஞ்சு வைத்துக் கட்டலாம். திறந்து கிடக்கும் 230 வோல்ட்டுக்குப் பஞ்சு கிடையாது. எட்டாம் வகுப்பு வரை 9 வோல்ட் பேட்டரி போதும். பெரிய வகுப்பில் வீட்டுக் கரண்ட் தொடுகிற வேலையை ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யட்டும். ரம்பம் கையால் இழுப்பதாக, டிரில் கையால் சுற்றுவதாக இருக்கட்டும்.

“கடையில் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறதே.” கிடைக்கும். கோனார் நோட்ஸும் கிடைக்கும். விடை வாங்கக் கிடைக்கிறது என்பதற்காகக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டோமா?

“பணம்?” அடல் ஆய்வகத்துக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் மத்திய அரசு தருகிறது. அதில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்குகிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். நான் கேட்பது ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், ஒரு இழைப்புளி, இரண்டு உளி, ஒரு மூலைமட்டம், ஒரு கை டிரில், ஒரு அரம், ஸ்க்ரூ டிரைவர், இரும்பு அளவுகோல், உப்புத்தாள், ஃபெவிகால். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பலகைக்குக் காசு வேண்டாம், உடைந்த பெஞ்சுகள் எல்லாப் பள்ளியிலும் குடோனில் கிடக்கின்றன.

“சொல்லித்தர ஆள்?” 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாட்டு அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் ரோட்டில் உட்காராத வருஷம் இல்லை. கைவேலைக்கு நாம் வைத்திருக்கும் மரியாதைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கணக்கு வாத்தியாருக்கு முழுச் சம்பளம், கைவேலை வாத்தியாருக்குக் கைச்செலவு. ஊர்த் தச்சர் ஒருவரை மாதம் இரண்டு நாள் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘சார்’ என்று பிள்ளைகள் கூப்பிட வைத்து, சம்பளமும் கொடுங்கள். அந்த ஒரு ‘சார்’ பத்துப் பாடத்துக்குச் சமம்.

“அழகாக வராதே.” வராது. முதல் பெட்டி கோணலாகத்தான் வரும். முதல் கையெழுத்து எப்படி வந்தது? அதற்குத் தங்கக் கலர் பேப்பர் சுற்றினோமா?

நடுவர்களாகப் போகிற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோற்றப் பொலிவு என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள். பெட்டியை யார் செய்தது? எந்த இடத்தில் தப்பு வந்தது? அதை எப்படிச் சரி செய்தாய்? தப்பே வரவில்லை என்று சொல்கிற பிள்ளை அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். அப்பா என்ன வேலை என்பது மட்டும் கேட்கவே கூடாத கேள்வி.

பெற்றோருக்கு ஒன்று. கிட் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. அதோடு நாலு பலகையும் வாங்கிக் கொடுங்கள். வீடு குப்பையாகும், ஒரு விரலில் பிளாஸ்திரி ஏறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன். எழுதிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. மேலே சொன்ன சாமான்களை நானே வாங்கிவிட்டேன், பில் 2,780 ரூபாய். வரும் சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து என் வீட்டுத் திண்ணையில் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், பெண் பிள்ளைகள் அவசியம் வரவேண்டும். எனக்குத் தச்சுவேலை தெரியாது. சொல்லித்தர ஒருவரைக் கேட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார். ஒரு காலத்தில் நான் வராந்தாவில் ஆணி அடிக்க அனுப்பிய பையன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது, சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். “நீங்களும் பிள்ளைங்களோட உக்காரணும் சார், நான் சொல்றபடி அறுக்கணும்” என்றார். உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டி செய்த அந்தப் பெண் பிள்ளையின் வகுப்பாசிரியரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் வந்தால், அந்த வயர் முடிச்சை மற்றவர்களுக்கு அவளே சொல்லித்தரட்டும்.

ஆட்சேபம் உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். திட்டி எழுதுபவர்களும் எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன், பழக்கம் விடவில்லை.